ஒன்பது நாளில் முடிந்த வாழ்நாள் லைசென்ஸ்

திசையன்விளை,
புதன்கிழமை.

என் அன்பிற்குரிய பிலோமினாவுக்கு,

உன் கணவன் கிளமென்ட் எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் நானும் தென்னைகளும் சுகம். மஸ்கட்டில் நீயும் மகள் லிண்டாவும் பேரனும் சுகமாயிருக்க அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன். நீ என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது அல்லவா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் உன்னை நினைத்து ஏங்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் கிரேன் உச்சியில் உட்கார்ந்தவன் விமானத்துக்குப் பயப்படுகிறானே என்று ஊரே சிரிக்கிறது. கிரேனுக்குக் கால் தரையில் இருக்கும். விமானத்துக்கு அது கிடையாது. அதனால்தான் நீ மஸ்கட்டுக்குக் கூப்பிட்டபோது “தென்னைக்குத் தண்ணி யாரு விடுவா?” என்று கழன்றுகொண்டேன். “அப்பம் அந்தத் தென்னையோடயே குடும்பம் நடத்துங்க” என்று நீயும் திரும்பிப் பாராமல் போனாய். நாலு மாதமாக நடத்திவருகிறேன். தென்னை அதிகம் பேசுவதில்லை.

இந்த நிலையில் லிண்டா ஞானஸ்நானப் படத்தை அனுப்பினாள். பேரனை ஏந்தி நீ நிற்கிறாய். உன் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்குமளவு இடம் காலியாக இருக்கிறது. அதை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் என்னை ஒட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. படம் ஒட்டும் சாப்ட்வேரை இணையத்தில் தேடினேன். கம்பெனிக்காரன் சொன்ன விலைக்குப் பேரனுக்கு மோதிரமே போடலாம். இன்னொருவன் அதே சாப்ட்வேருக்கு வாழ்நாள் லைசென்ஸை ஒரு கிலோ சீலா மீன் விலைக்குத் தருகிறான்! பக்கத்தில் ஒரு கடிகாரம், சலுகை முடியப் பத்தே நிமிடம் என்று ஓடுகிறது. என் இரத்தக்கொதிப்பும் கூடவே ஓட, வாங்கிவிட்டேன். விற்கிறவனுக்கு முகவரி இல்லை, போன் நம்பர் இல்லை, பணமும் யாரோ ஒருவருடைய சொந்தப் பெயருக்குப் போனது. மறுநாள் போய்ப் பார்த்தால் அந்தக் கடிகாரத்தில் அதே பத்து நிமிடம்! மீன்காரி “சீக்கிரம் எடுங்கக்கா, தீரப் போவுது” என்று பறக்கும்போது, “தீந்தா தீரட்டும்ட்டி, மொதல்ல செவுளைத் தூக்கிக் காட்டு” என்பாயே, அதைச் சொல்ல அன்று வீட்டில் ஆளில்லை.

லைசென்ஸ் எண்ணோடு, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடும்படி ஒரு குறிப்பும் வந்தது. அணைத்தேன். எட்டு நாள் பாடுபட்டு, லிண்டா கல்யாணப் படத்திலிருந்து என் தலையை மட்டும் சுத்தமாக வெட்டியெடுத்தேன். ஒன்பதாம் நாள் உடம்பை வெட்டப் போகையில், ‘உங்கள் லைசென்ஸ் செல்லாது’ என்று எல்லாம் மூடிக்கொண்டது. இருப்பதையாவது உனக்கு அனுப்புவோம் என்று எதையோ அழுத்த, தலை குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. வெறும் தலையைக் கண்ட சொந்தங்கள் கும்பிடும் கைகளாகப் போட ஆரம்பித்தார்கள். உவரியிலிருந்து உன் தம்பி ஜோசப் மாலையோடு ஓடிவந்து, கதவைத் திறந்த என்னிடமே, “அத்தானை எப்பம் எடுக்காங்க?” என்று கேட்டான். பதறிப்போய் லிண்டா கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னாலிருந்து, “ஒழுங்காச் சாப்பிடுதாவளான்னு கேளு” என்று உன் குரல் வந்தது. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாய். கேட்டது, பிலோமி. அன்று முழுக்க அதுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் கடை யஹ்யா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “கம்பெனி விலையில பத்துல ஒரு பங்குக்கு எவன் அண்ணாச்சி குடுப்பான்? ஏதோ ஆபீஸுக்குக் குடுத்த லைசென்ஸைக் களவாண்டு நூறு பேருக்கு வித்திருக்கான். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லுதது, களவாணி வந்து நாயைக் கட்டிப் போடுங்கன்னு சொல்லுத மாதிரில்லா? அப்பமே சுதாரிக்க வேண்டாமாவே?” என்றார். கம்ப்யூட்டரைத் துடைத்து, பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றி, பேங்குக்கும் சொல்ல வைத்தார். கம்பெனியின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் எதையும் வாங்க மாட்டேன் என்று அவரிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

ஆகவே நீ அங்கே சாவகாசமாக இரு. எனக்காக அவசரப்பட்டு வர வேண்டாம். நானும் வரப்போவதில்லை, சொன்னது சொன்னதுதான். மருமகனுக்கு என் அன்பைச் சொல். பேரன் நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போடு.

இறையாசி வேண்டும்,
கிளமென்ட்

பின்குறிப்பு: மேலே உள்ளது போன வாரம் எழுதியது. லிண்டா உனக்குத் தெரியாமல் விசா எடுத்து அனுப்பிவிட்டாள். இன்று டவுணுக்குப் போய், டிராவல்ஸ் கடையில் நேரில் உட்கார்ந்து, ஒரு ரூபாய் தள்ளுபடி இல்லாமல் டிக்கெட் எடுத்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஏங்கவில்லை என்று எழுதியது பொய். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. வெள்ளிக்கிழமை நானே அங்கே உங்கள் வாசலில் நின்று தருவேன். படித்து முடித்ததும் உள்ளே கூப்பிடு.