மைக்செட்டுக்காரரின் வடதுருவம்

பூமி தட்டை என்று சொல்கிறவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். அந்தத் தட்டைப் பூமியில் காந்தம் எப்படி வேலை செய்கிறது என்று டீக்கடை பெஞ்சில் செய்து காட்டியவர், எனக்குத் தெரிந்து, காஞ்சிபுரம் மைக்செட்டுக்காரர் ஒருவர்தான்.

எட்டாவதோடு படிப்பை விட்டு, லாரி கிளீனராக ஊர் ஊராகச் சுற்றி, கையில் ஒன்றுமில்லாமல் அவரிடம் வந்து சேர்ந்தேன். கோயில் திருவிழா, மாதா தேர், காதுகுத்து, எதுவானாலும் ஸ்பீக்கர் தூக்குவது என் வேலை. சாப்பாடு அவர் வீட்டில். படுக்கை ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல். இரண்டு பெட்டிக்கு நடுவே இடுப்பு இறங்கிவிடும், மற்றபடி குறையில்லை.

செல்போனில் எதையோ பார்த்துத்தான் பூமி தட்டை என்ற முடிவுக்கு வந்திருந்தார். "அப்போ காம்பஸ் முள்ளு ஏம்பா வடக்கையே காட்டுது?" என்று டீ மாஸ்டர் ஒருநாள் மடக்கினார். மூன்று நாள் மைக்செட்டுக்காரர் டீக்கடைப் பக்கமே வரவில்லை. நான்காம் நாள், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து, உள்ளே இருந்த வட்டக் காந்தத்தோடு வந்தார். அதன்மேல் அலுமினியத் தட்டை வைத்து, லேத் பட்டறை இரும்புத்தூளைத் தூவினார். தூள் முடி மாதிரி சிலிர்த்து நின்றது.

"நடுவுல ஓட்டை இருக்குது பாரு, அதான் வடக்கு. பூமிக்கு அடியில இதே மாதிரி பெருசா ஒண்ணு கெடக்குது. நீ எங்க நின்னாலும் முள்ளு நடுவத்தான் பாக்கும்."

"அப்ப தெக்கு எங்கண்ணா?" என்றேன்.

"தெக்கு இன்னா ஒரு ஊரா, போய் எறங்க? சுத்தி இருக்கிற விளிம்பு பூரா தெக்குதான்!"

"டீயில இரும்பு வுழுது, எடுப்பா அத" என்றார் மாஸ்டர்.

உடனே மைக்செட்டுக்காரர் என்னைச் சாட்சிக்கு இழுத்தார். "இவன் அஸ்ஸாம் வரைக்கும் லாரில போனவன். டேய், எங்கனா சறுக்கினியா?"

பசியில் இரண்டு முறை விழுந்திருக்கிறேன். பூமி வளைந்து விழுந்ததில்லை. அதையே சொன்னேன். "கேட்டுக்கினியா?" என்றார் மாஸ்டரைப் பார்த்து.

இந்தக் காந்தத்தால் மைக்செட்டுக்காரர் மகள் மீனாவுக்கு இரண்டு வரன் கைநழுவிப் போயின. பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடிப்பதற்குள் இவர் இரும்புத்தூளை எடுத்துவிடுவார். மூன்றாவது வரன் வருகிற அன்று மீனா கறாராகச் சொன்னாள்: "எனக்கு இந்தப் பையன புடிச்சிருக்குதுப்பா. இன்னைக்கு காந்தம் கீந்தம்னு வாயத் தொறந்தே, எனக்குக் கல்யாணமே வேணாம்."

கண்ணில் பட்டால்தானே பேச்சு வரும் என்று, எல்லா ஸ்பீக்கரையும் வாசற்கதவுக்குப் பின்னால் என்னை அடுக்கச் சொல்லிப் போர்வை போட்டு மூடினாள்.

பையனின் தாய்மாமன் திருப்புட்குழிக்காரர், வாஸ்துவில் ஊறியவர். "பொண்ணு வளந்த வூடு தெக்கு பாத்து இருக்கக் கூடாது. எங்களுக்கு அது ஒண்ணுதான் கண்டிஷன்" என்றபடி வாசற்கதவருகே நின்று செல்போனில் காம்பஸைத் திறந்தார். அது அசல் தெற்கு வாசல். மீனா காபித் தட்டோடு வந்து நின்றாள்.

முள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "கெழக்கு!" என்றார் மாமன், வாயெல்லாம் பல்லாக.

நான் மைக்செட்டுக்காரரைப் பார்த்தேன். திசைகாட்டும் முள் அவருடைய ஸ்பீக்கருக்குத் தலைவணங்கிவிட்டது. நாலு பேர் நடுவில், வெளியாள் கையில், இப்படியொரு நிரூபணம் அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. வாய் திறந்தது. மகள் முகத்தைப் பார்த்தார்.

"காபி ஆறிடும், எடுத்துக்கங்க" என்றார்.

அன்றே நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போனார்கள். மீனா உள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள். இவர் மட்டும் வாசற்படியில், விசில் அடிக்காத குக்கர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணா, அந்த முள்ளு ஏன் அப்படித் திரும்புச்சு?"

ஒன்றரை மணி நேரம் சொன்னார். எப்போதும் பாதியில் எழுந்து போய்விடுகிற நான் அன்று கடைசிவரை கேட்டேன். முடித்ததும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.