பூங்குழலியின் நிச்சயம் நின்றுபோன விவரம்

மரக்காணம்,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் அசோகன் அவர்களுக்கு, கலியபெருமாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை மலர்கொடியும் சுகம். திருப்பூரில் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் தாங்கள் முதல் வாக்கியத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள், மீதியை நான் சொல்ல முடியாது. அதனால்தான் கடிதம்.

எங்கள் மகள் பூங்குழலிக்குத் தாங்கள் பார்த்துக் கொடுத்த பிரம்மதேசத்து மாப்பிள்ளை அறிவழகன் நல்ல பையன்தான். திண்டிவனத்தில் சொட்டுநீர்ப் பாசனக் கடை வைத்திருக்கிறான், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டான். அதிராமலும் பேசமாட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. நிச்சயத்துக்கு முன் இருவரும் கொஞ்சம் பேசிப் பழகட்டும் என்று தாங்கள் சொன்னபடி போன் நம்பரைப் பரிமாறிக்கொண்டார்கள். இரண்டு மாதமாக பூங்குழலி ஆரோவில் விருந்தினர் விடுதி வேலைக்குப் போகும்போதும் போன், வரும்போதும் போன். ஒருநாள் மலர்கொடி அதை வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். 'உங்கள் மௌனத்தின் ஓரத்தில் என் பெயர் எழுதியிருக்கிறதா?' என்று பையன் கேட்டிருந்தான். 'மௌனம் என்பது நீங்கள் இன்னும் திறக்காத கடிதம்' என்று இவள் பதில் போட்டிருந்தாள். எனக்கு இரண்டும் புரியவில்லை. உங்கள் தங்கைக்குப் புரிந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் அவளுக்கு இப்படி ஒரு வரி எழுதியதில்லை என்று நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தேதி குறிக்க அவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். சாப்பாடு ஆனதும் பிள்ளைகள் இரண்டு பேரும் உப்பளம் வரை நடந்துவிட்டு வரட்டும் என்று அனுப்பிவிட்டு, மோட்டார் பார்க்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். வரப்பில் நின்றார்கள். பையன் பாத்தியைப் பார்த்தான். பெண்ணும் பாத்தியைப் பார்த்தாள். கால் மணி நேரம் கழித்து, "உப்பு நல்லா வந்திருக்குதுங்க" என்றான். "ம்" என்றாள். அவன் போனை எடுத்தான். அங்கே சிக்னல் கிடைக்காது. உடனே வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்புக் குவியல் மேல் ஏற ஆரம்பித்தான். அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த முத்தம்மாள், "தம்பி, செருப்போட ஏறாதீங்க, எறங்குங்க!" என்று கத்தினாள். அவன் உச்சியில் நின்று அவசரமாக எதையோ அனுப்பிவிட்டு, இறங்கும்போது சறுக்கி, இடுப்புவரை உப்போடு வந்து சேர்ந்தான்.

வீட்டுக்குத் திரும்பி, பூங்குழலி காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி அவள் போனுக்கு வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா சின்னப்பாப்பா எட்டிப் பார்த்து, பெருமையாக, "எம்புள்ள அனுப்பியிருக்கான், சத்தமா படிம்மா, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். இவளும் படித்தாள்: "நிச்சயமாக! முதல் சந்திப்பில் பேசத் தயங்கும் ஆணுக்கு ஏற்ற மூன்று வாக்கியங்கள் இதோ. இன்னும் உருக்கம் வேண்டுமானால் சொல்லுங்கள்."

பையன் தலையைக் குனிந்தபடி, ஆரம்பத்திலிருந்தே எல்லாம் ஏ.ஐ. எழுதிக் கொடுத்ததுதான் என்று ஒப்புக்கொண்டான். நான் கோபப்படலாம் என்று எழுந்தேன். அதற்குள் பூங்குழலி, "நானும் அதுலதாம்பா எழுதுனேன். அவரு அனுப்புறத அப்படியே அதுல போட்டு, பதில் வாங்கி அனுப்பிடுவேன்" என்றாள். எழுந்தவன் உட்கார்ந்துவிட்டேன். "அப்போ ரெண்டு மாசமா யாருக்கும் யாருக்கும்தான் பேச்சு நடந்துச்சு?" என்றார் சின்னப்பாப்பா. பிறகு முதலில் ஏமாற்றியது பையனா பெண்ணா என்று மலர்கொடிக்கும் அவருக்கும் வாக்குவாதம் முற்றி, அவர்கள் கொண்டுவந்த பூவைத் திரும்ப எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்கள்.

பூங்குழலியைத் தனியாகக் கேட்டேன். "எனக்கு என்ன எழுதுறதுன்னே தெரியலப்பா. நானா எதையாவது எழுதி, இவ்ளோதான் இந்தப் பொண்ணுன்னு நெனச்சிட்டாங்கன்னா?" என்றாள். விடுதியில் வெளிநாட்டுக்காரர்களை அதட்டி வரிசையில் நிறுத்துகிறவள் மச்சான் இவள். ஆகவே இந்தச் சம்பந்தம் முடிந்தது. தாங்கள் அவர்களிடம் பக்குவமாகப் பேசி, மனக்கசப்பு இல்லாமல் முடித்துவைக்கவும். அடுத்த வரன் பார்க்கும்போது பையன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுகிறானா என்று நேரில் பார்த்துக்கொள்ளவும்.

அக்காவுக்கு எங்கள் அன்பும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும்.

தங்கள் தங்கை வீட்டுக்காரர்,
கலியபெருமாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். ஒட்டிய கையோடு அறிவழகன் பைக்கில் தனியாக வந்தான். "சாரி சொல்ல வந்தேங்க" என்றான். பூங்குழலி சாரியை வாங்கிக்கொள்ளாமல், "கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்கு போலாமான்னு கேட்டிருந்தேன். 'உன் சிறகுக்கு நான் வானமாக இருப்பேன்'னு வந்துச்சு. போலாமா, கூடாதா?" என்றாள். "பிரம்மதேசத்துல இருந்து தெனம் எப்படிங்க போவீங்க? பஸ் மாறி மாறிப் போவணும்." "ஸ்கூட்டியில போவேன்." "அந்த ரோட்டுல லாரி வரும்." "வந்தா வழி விடுவேன்." "ஏங்க, மழ பேஞ்சா?" "நனைவேன்!" இப்படியே ஒரு மணி நேரம், தெருவே கேட்கும்படி. கடைசியில், ஒரே பஸ்ஸில் போய்வர வசதியாகத் திண்டிவனத்துக்கே குடிபோய்விடலாம் என்று அவன் இறங்கிவந்தான். "தேதி வைங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சின்னப்பாப்பாவும் போனில் சம்மதம் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நிச்சயம், தாங்கள் வியாழக்கிழமையே வந்துவிடவும். அவன் கிளம்பிப் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை, போனில் மறுபடியும் சண்டை தொடங்கிவிட்டது. எழுத்தில் இல்லை மச்சான், வாயால்.