வ்ராதாரோவ் குடும்பம் துரோகிக் குடும்பம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, லோவெச் நகரத்து ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஸ்தாமென் வ்ராதாரோவ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்கள் சுகமாயிருக்க வேண்டுகிறேன். என் சுகம் தங்கள் இதழால் கெட்டது.

போன மாதம் அந்தப் பழைய சோக நாடகத்தை மறுபடி அச்சிட்டு, 'ஒவ்வொரு பல்கேரியனும் படிக்க வேண்டியது' என்று முன்னுரை வேறு எழுதினீர்கள். துருக்கியர் முற்றுகையிட்ட கோட்டையின் கதவைத் திறந்துவிடுகிற துரோகிக்கு அதில் வ்ராதார் என்று பெயர். வாயில்காப்போன் என்றுதானே அர்த்தம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் சும்மா இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என் மகள் ரலிட்சாவை நிச்சயம் பண்ண வந்த மாப்பிள்ளையின் அப்பா கென்ச்சோ, நான் ஊற்றிக் கொடுத்த ரக்கியாச் சாராயத்தைக் குடித்துவிட்டு, "கோட்டையையே தொறந்து விட்ட பரம்பரை, இந்த வீட்லயா பொண்ணெடுக்கறது?" என்றார். "அவன் நாடகத்துல வர்ற ஆளுய்யா!" என்றேன். "சும்மாவா எழுதுவாங்க? அச்சுல வந்திருக்குல்ல?" என்கிறார். மாப்பிள்ளை பனிட்சாப் பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ரலிட்சா தட்டைப் பிடுங்கி, "பேசத் தெரியாத வாய்க்குத் திங்க மட்டும் என்ன?" என்று உள்ளே போய்விட்டாள். நிச்சயம் நின்றது.

அவர்கள் போனதும் நாடகத்தை எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே செருப்புத் தோலை வேகவைத்துத் தின்கிறது, ராஜா நிலாவைப் பார்த்து நாலு பக்கம் பேசுகிறார். 'ரொட்டி எங்கே?' என்று கேட்டவன் வ்ராதார் ஒருத்தன்தான். அவன் பிள்ளை பசியிலேயே செத்துப்போச்சு, அப்புறம்தான் கதவைத் தொறந்தான். காலமெல்லாம் பஸ் ஓட்டினவன் சொல்றேன், உள்ளே இருக்கிறவங்களுக்கு மூச்சு முட்டினா கதவைத் தொறக்கத்தான்யா வேணும்! அதைத் துரோகம்னு எழுதின கவிஞன் ஒரு கழுதை. அந்த நாடகத் துரோகிக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று முதல் பக்கத்தில் மறுப்புப் போடவும்.

தங்கள் குடும்பத்தாருக்கு ஆண்டவர் நீண்ட ஆயுளும், தங்களுக்குக் கொஞ்சம் புத்தியும் அருளட்டும்.

இப்படிக்கு,
ஸ்தாமென் வ்ராதாரோவ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் கென்ச்சோ வந்து நிற்கிறார், கையில் உங்கள் இதழ். "யோவ், நான் படிக்காமலே பேசிட்டேன்யா. கடைசி அங்கம் படிச்சியா?" என்றார். நான் நாலாவதோடு தூக்கி எறிந்திருந்தேன். சமையலறையில் உட்கார்ந்து அவரே சத்தமாக வாசித்தார். கதவைத் திறந்தவன் ஓடிப்போகவில்லை ஐயா. பெண்களையும் பிள்ளைகளையும் வெளியே அனுப்பிவிட்டு, தனியாக நிற்கும் ராஜா பக்கத்தில் போய் நின்று சாகிறான். நாங்கள் இரண்டு பேரும் தேம்பித் தேம்பி அழுதோம். என் மனைவி பெனா துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். வாசலில் மாப்பிள்ளை ரலிட்சாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவள் இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை. கவிஞரைப் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். மறுப்பும் வேண்டாம். வ்ராதார் எங்க குடும்பத்து ஆள்தான்னு போடுங்க.