ஆறு ஜோடி வெள்ளை வேட்டியும் சிம்னியாரும்

சிம்னியாரை நான் சந்திப்பதற்கு முன்பே கொடைக்கானல் கடைத்தெருவில் எனக்கென்று ஒரு மதிப்பு இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். மதுரையில் பி.காம். தேறியவன் நான். வருமான வரி ஆலோசகர் என்று ஆங்கிலத்தில் பொறித்த பித்தளைப் பலகை என் அறை வாசலில் தொங்கியது. மூன்று ஹோட்டல் முதலாளிகளும், பெரும்பாறையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவரும் என் கட்சிக்காரர்கள். கோட்டு அணியாமல் நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட்டதில்லை. இத்தனை தகுதியோடும் சொல்கிறேன்: நேர்மையில் சிம்னியாருக்கு இணையான ஒருவரை இந்த மலை கண்டதில்லை. கீழே சமவெளியிலும் இருந்திருப்பாரா என்பது சந்தேகமே.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன பங்களாக்களில் அறைக்கொரு கணப்படுப்பு இருந்தது. அடுப்புக்கொரு புகைபோக்கி. அத்தனையையும் சுத்தம் செய்ய ஊரில் இருந்தவர் ஒரே ஒருவர்; அதனால்தான் அவர் சிம்னியார். அவருடைய இயற்பெயர் வரி நோட்டீசில்தான் இருந்தது. அந்தப் பெயருக்கு உரியவரைத் தேடித் தபால்காரர் மூன்று நாள் அலைந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், வாரம் முழுவதும் அவரோடு பேசியவர்களே "யாருங்க நீங்க, ஊருக்குப் புதுசா?" என்று விசாரிப்பார்கள்.

இடுப்பில் ஓர் இரும்பு வளையம். அதில் நாற்பது சாவிகள். குளிர்காலத்தில் சமவெளிக்கு இறங்கிவிடும் பங்களாக்காரர்கள், வீட்டை அவரை நம்பி விட்டுச் செல்வார்கள். அந்தச் சாவிகள் குலுங்கும் ஓசை கேட்டால் காவல் நாய்கள்கூட எழுந்திருப்பதில்லை.

நோட்டீசோடு ஒரு காலை என் அறைக்கு வந்தார்.

"வெள்ளனே வந்துட்டேன்னு கோவிச்சுக்காதீங்க ஐயா. சர்க்காரு நம்மளையும் ஒரு ஆளா மதிச்சுக் கடுதாசி போட்டுருக்கு. மரியாதைக்குப் பதில் சொல்லணும்ல?"

கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். நான் படித்த கணக்கியல் நூல்கள் எதிலும் அப்படியொன்றைக் கண்டதில்லை. தொழிற்செலவு இடப்பக்கம், சொந்தச் செலவு வலப்பக்கம். தேநீர் இரண்டு பக்கங்களிலும் இருந்தது. காரணம் கேட்டேன்.

"கூரை மேல ஒக்காந்து குடிச்சா, கை வெறைக்காமச் சோலி நடக்கணுமேன்னு குடிக்கிறதுங்க. கீழ எறங்கிக் குடிச்சா அது ஆசைக்குக் குடிக்கிறது."

காக்கி அரைக்கால் சட்டையின் பின்புறம் கிழிந்து தைத்தது தொழிற்செலவு, ஏனெனில் அது ஓட்டில் சறுக்கிக் கிழிந்தது. அதன் பை கிழிந்து தைத்தது சொந்தச் செலவு, ஏனெனில் பையில் இருந்தது மூக்குப்பொடி டப்பா. ஏணி சுமக்கும் மட்டக்குதிரையின் புல்லில் ஏழில் ஒரு பங்கைக் காணோம்.

"புல் முழுவதையும் எழுதிக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள்" என்றேன்.

"கேக்க மாட்டாங்கதான். ஆனா ஞாயித்துக்கிழமை அது எம் பொஞ்சாதியத் தூக்கிட்டு மாதா கோயிலுக்குல்ல போகுது? அவ செபம் பண்ணப் போறதுக்குச் சர்க்காரு எதுக்குங்க புல்லு போடணும்?"

புல் கணக்கை அவர் எழுதியபடியே விட்டேன். ஆனாலும் ஓரிடத்தில் அவருடைய அறியாமையைக் கண்டுபிடித்துவிட்டதாக உள்ளூர மகிழ்ந்தேன். கருவிகள் என்ற தலைப்பின் கீழ் ஏணி, ஆறு ஜோடி வெள்ளை வேட்டி, கயிறு, பிரஷ் என்று எழுதியிருந்தார். நான் ஆங்கிலத்தில் எடுத்த சுத்தப் பிரதியில் வேட்டிகளை ஆடை என்ற தலைப்புக்கு மாற்றினேன்.

"வேட்டி ஏணிக்குப் பக்கத்துல இருந்துச்சுங்களே ஐயா?"

"வேட்டி ஆடை. அது எனக்குத் தெரியும்."

"படிச்சவங்க சொன்னாச் சரிதான்" என்று எழுந்து போனார்.

சீசனில் மலைக்கு முகாம் வந்திருந்த வரி அதிகாரி, ஏரிக்கு மேலிருந்த ஒரு பங்களாவில் விசாரணை நடத்தினார். சிம்னியாரை வராந்தாவில் அமர்த்திவிட்டு நான் மட்டும் உள்ளே சென்றேன். அதிகாரி என் பிரதியில் ஓரிடத்தில் விரலை ஊன்றினார்.

"புகைபோக்கி துடைப்பவன் ஆறு ஜோடி வெள்ளை வேட்டி கட்டுகிறானா? மாப்பிள்ளையா அவன்? வெளியே காக்கி நிக்கரோடு அல்லவா உட்கார்ந்திருக்கிறான்?"

"வேலை நேரத்தில் வேட்டிதான் அணிவார்" என்றேன். எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"கரி அள்ளும்போது வெள்ளை வேட்டி! இது பொய்க் கணக்கு. அப்படியே உத்தரவில் எழுதப் போகிறேன்." என் பிரதியின் ஓரத்தில் பொய் என்று குறித்தும் வைத்தார்.

வராந்தாவுக்கு வந்து நடந்ததைச் சொல்லி, கூடுதல் வரி சொற்பம்தான், கட்டிவிடலாம் என்று சிம்னியாரைத் தேற்றினேன்.

"வரி கெடக்கட்டும்ங்க. பொய்யின்னா எழுதுறாரு?" அவர் கை இடுப்பு வளையத்துக்குப் போயிற்று. "நாப்பது வீட்டுச் சாவிங்க ஐயா. சர்க்காரே பொய்யன்னு எழுதுன ஆளு இத வச்சிருக்கலாமா? சாயங்காலத்துக்குள்ள அவங்கவங்க கையில சேத்துறணும்." ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கியவர், சட்டென்று நிமிர்ந்தார். "வேட்டிய நான் கட்டுறேன்னா சொன்னீங்க?"

"ஆம்."

"போச்சு! நான் எங்கங்க கட்டுறேன்? அடுப்புல்ல கட்டுது!"

நேரே உள்ளே நுழைந்துவிட்டார். நான் பின்னால் ஓடினேன்.

"ஆபீசரய்யா, இந்த ரூம்பு சிம்னிய இப்பவே அடிச்சுக் காட்டுறேன். வேட்டி எங்க போகுதுன்னு கண்ணால பாத்துட்டு எழுதுங்க."

"என் கோப்புகள் இருக்கின்றன. கரி விழுந்தால்?"

"ஒரு பொட்டு விழுந்தாலும் பொய்யின்னே எழுதிக்கிருங்க."

வெளியே கட்டியிருந்த குதிரையின் மூட்டையிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து வாளித் தண்ணீரில் நனைத்தார். கணப்படுப்பின் வாயில் அதைச் சுருக்கமின்றி ஒட்டினார், மிருதங்கத்துக்குத் தோல் போர்த்தியது போல. பிறகு ஒரு செம்புத் தண்ணீரை என் கையில் திணித்தார்.

"தனியா இருந்தா நானே ஏறி எறங்கிப் பாப்பேன். இன்னைக்கு நீங்க இருக்கீங்க. துணியில கறுப்பா பொட்டுத் தெரிஞ்சா அங்க வெரசாத் தண்ணி தெளிங்க."

ஏணி வைத்து அவர் கூரையேற, கோட்டும் டையுமாக நான் செம்பேந்தி நின்றேன். மேலே கூரையில் கரடி உருள்வது போன்ற ஓசை. வேட்டி மூச்சு விடுவது போல உப்பித் தணிந்தது. ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி அரும்பியது. தெளித்தேன். அடங்கியது. அடுத்த மூலைக்கு ஓடினேன். அறைக்குள் ஒரு துளிக் கரி வரவில்லை.

"இதற்கு எதற்கு வெள்ளை வேட்டி? ஒரு சாக்குப் போதாதா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

விடை புகைபோக்கிக்குள்ளிருந்து வந்தது. "சாக்குல கசிஞ்சாத் தெரியாதுங்க! வெள்ளையிலதான் காட்டிக்குடுக்கும்!"

அடுப்பு பேசியதில் திகைத்த அதிகாரி, "அப்படியென்றால் ஒரே வேட்டி போதாதா?" என்று மேல்நோக்கிக் கேட்பதற்காகக் குனிந்து, நான் தடுப்பதற்குள் துணியின் ஓரத்தைத் தூக்கிவிட்டார்.

கோப்புகள் தப்பின. அதிகாரி தப்பவில்லை.

இறங்கி வந்த சிம்னியார் சிரிக்கவில்லை. "கரி ஊறுன துணி வெளுத்து வெளுத்து ரெண்டு மாசத்துல நைஞ்சு போகுதுங்க. அதான் வருசத்துக்கு ஆறு" என்று கேள்விக்கு விடை சொல்லிவிட்டு, மூட்டையைத் திறந்தார். ஒரு சோப்புத் துண்டை எடுத்தவர், யோசித்து அதை உள்ளே வைத்துவிட்டு வேறொரு துண்டை நீட்டினார்.

"ஏன் மாற்றினாய்?" என்றது கரி.

"மொத எடுத்தது தொழில் சோப்புங்க. அதுல நீங்க கழுவுனா, உங்க மொகத்தையும் செலவுல எழுதி உங்ககிட்டயே வரிக்கழிவு கேட்ட மாதிரி ஆயிரும். இது எங்க வீட்டுச் சோப்பு."

அதிகாரி வெகுநேரம் முகம் கழுவினார். திரும்பி வந்து அமர்ந்ததும் என் சுத்தப் பிரதியை ஒதுக்கிவிட்டு, சிம்னியாரின் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். ஒரு முறை மட்டும் தலை நிமிர்ந்து, எதிரே கைகட்டி நின்றவரைப் பார்த்தார். பின்பு என் பிரதியை மறுபடி எடுத்து, அதில் பொய் என்ற சொல்லை அடித்துவிட்டு, ஆறு ஜோடி வேட்டியை ஏணிக்கும் கயிற்றுக்கும் நடுவில் தம் கையாலேயே எழுதினார்.

"அப்ப சாவியெல்லாம் எங்கிட்டயே இருக்கட்டுங்களா?"

"உன்னிடமே இருக்கட்டும்" என்றார் அதிகாரி.

கணக்குத் தெரியாத சிம்னியாரை நான் வாதாடிக் காப்பாற்றியதாக இன்றும் கடைத்தெருவில் சொல்கிறார்கள். என் குடும்பத்தாரும் அதை மறுப்பதில்லை. அது தவறு. கணக்கில் பிழை செய்தவன் நான். அன்று அந்த அறையில் நான் வாதாடவில்லை, தண்ணீர் தெளித்தேன்.