தம்பி கொடுத்த போனும் நான் வாங்கிய போனும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அண்ணி கோபத்துடன் நலம். நீயும் உன் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எத்தனை நாளைக்கு என்பது இதைப் படித்து முடித்ததும் உனக்கே தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் நீ கொடுத்த பழைய போன் பாதிப் பேச்சில் அணைந்துவிடுகிறது. அண்ணியின் கண் ஆபரேஷனுக்குத் தேதி சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து எந்த நேரமும் கூப்பிடலாம் என்பதால், வேறொரு பழைய போன் வாங்க உன்னிடம் யோசனை கேட்டேன். பொது இடத்தில் சந்தி, போட்டுப் பார், பில் கேள், பழைய ஆளின் கணக்கை அழித்தாரா பார், போனின் பதினைந்து இலக்க எண் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா பார் என்றாய். ஆவணக் காப்பறையில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்தவன் நான். ஒன்றுவிடாமல் செய்தேன்.

பொது இடம் என்றதும் எனக்குக் காவல் நிலைய வாசல்தான் தோன்றியது. போன் விற்பதாக விளம்பரம் கொடுத்தவர் "வேற எங்கயாவது பாக்கலாமே சார்" என்று மூன்று முறை கேட்டுவிட்டு வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, பணிவான பேச்சு, முகமெல்லாம் வியர்வை. பாவம், வெயிலில் வந்திருக்கிறார். போட்டுப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. பில் கேட்டேன், உடனே நீட்டினார். அதில் வாஷிங் மெஷின் என்று இருந்தது. கேட்டதற்கு, "அந்தக் கடையில எல்லாத்துக்கும் ஒரே பில்தான் சார்" என்றார். முத்திரை அவ்வளவு தெளிவாக விழுந்திருந்ததால் மேற்கொண்டு கேட்க எனக்கு மனம் வரவில்லை. கணக்கை அழித்தாரா என்று போனுக்குள் பார்த்தேன், ஒரு குழந்தையின் படங்கள் நிறைய இருந்தன. "உங்க குழந்தையா, பேர் என்ன?" என்றேன். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். பாசம் அதிகமானால் சிலருக்கு அப்படித்தான் தொண்டை அடைக்கும்.

எண்ணை எப்படிச் சரிபார்ப்பது என்று எனக்குத் தெரியாது. எதிரிலேயே ஸ்டேஷன் இருக்கும்போது கவலை எதற்கு? "நான் வெளியிலயே இருக்கேன் சார்" என்றவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். ஏட்டையா "எந்தப் போனைப் பாக்கணும்?" என்று கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று உன் போனையும் சேர்த்து மேஜையில் வைத்தேன். இரண்டு எண்களையும் இரண்டு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு உள்ளே போனவர், திரும்பி வந்து உன் போனைத் தூக்கிக் காட்டினார்.

"இது எங்க கிடைச்சுது?"

"என் தம்பி குடுத்ததுங்க."

"இது திருட்டுப் போன். தம்பி என்ன தொழில் பண்றாரு?"

கம்ப்யூட்டர் வேலை என்றேன். அவர் ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டினார். பக்கத்தில் நின்ற நல்ல மனிதருக்கு அப்போதுதான் வியர்வை நின்றது. அவரே உன் போனிலிருந்த சிம்மைக் கழற்றி இந்தப் போனில் போட்டுக் கொடுத்து, என் தோளைத் தட்டி, "மனச விட்டுடாதீங்க சார், சொந்தக்காரங்ககிட்ட வாங்கறப்பதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். கூடப் பிறந்த நீ செய்யாத ஆறுதலை ஊர் பேர் தெரியாத ஒருவர் செய்துவிட்டு, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, அவசர வேலை என்று ஓட்டமும் நடையுமாகப் போனார்.

உன் போனை அவர்களே வைத்துக்கொண்டார்கள். உன் முகவரியும் போட்டோவும் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணி உன் கல்யாணப் படத்தை எடுத்து, உன் மனைவி பாவம் என்று அவளை விட்டுவிட்டு, உன்னை மட்டும் கத்தரித்துக் கொடுத்தாள், ஸ்டேஷனில் சேர்த்துவிட்டேன். "அவன் சின்னப் பையனா இருக்கறப்பவே என் தோடு காணாமப் போனப்ப நான் சொன்னேன், யாரு கேட்டா?" என்கிறாள். நானும் உனக்காகப் பேசவில்லை. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று காலை ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டார்கள், வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கடைசிவரை அணையாமல் பேசியது அந்த நல்லவர் விற்ற போன். நீ கொடுத்தவற்றில் இன்னும் எதெல்லாம் யாருடையது என்று நீயே யோசித்து, தானாக முன்வந்து சொல்லிவிடு. தண்டனை குறையுமாம்.

என்ன இருந்தாலும் நீ என் தம்பி. எங்கே இருந்தாலும், எத்தனை வருடம் இருந்தாலும், உடம்பைப் பார்த்துக்கொள். உன் மனைவிக்கு எங்கள் ஆசிகள், கூடவே அனுதாபங்கள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நடக்கும் உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஏட்டையா வந்தார். சீட்டு இரண்டும் இடம் மாறிவிட்டதாம். திருட்டுப் போன் நான் வாங்கியதுதான். அந்தக் குழந்தையின் அம்மா ஒரு பல் டாக்டராம், புகார் கொடுத்திருக்கிறார். ஏட்டையா அந்தப் போனை எடுத்துக்கொண்டு உன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே மேலே உள்ளதை நீ படிக்க வேண்டாம். ஒரே ஒரு சிக்கல். அந்த ஆள் எனக்கு நெடுநாள் பழக்கம், தங்கமானவர் என்று நேற்று ஸ்டேஷனில், அவர் சொன்ன ஆறுதலில் நெகிழ்ந்து, நானாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது அவரைக் காணவில்லை, என்னைத்தான் கேட்கிறார்கள். எனக்காகச் சொல்ல நாணயமான ஆள் யாராவது உண்டா என்றார்கள், உன் பெயரைக் கொடுத்தேன். "போட்டோவுல இருக்கிறவரா?" என்றார் ஏட்டையா. உடனே புறப்பட்டு வா.