கவரோடு நட்ட கருவேப்பிலை

இரவல் வாங்கிய பொருள் தனியாக வராது. சொந்தக்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும். இந்த உண்மையை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால், வானூர் பக்கம் என் மாமியார் ஊரில் இன்றைக்கும் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொள்ள மாட்டார்கள்.

நான் அப்போது மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. வீடு கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில். தளம் போட்ட வீடு என்று பெருமையாகச் சொல்லலாம். சுவரில் சாய்ந்தால் பாதிச் சுண்ணாம்பு சட்டையில் வந்துவிடும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். (அப்பா கட்டியது. கடல் மணலில் கட்டினாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. அவர் இருந்தவரை கேட்க தைரியம் வரவில்லை.)

சுனாமி வந்த காலையில் என் மனைவி செல்வி ஏழு மாதம். நான் ஊரில் இல்லை. எதிர்வீட்டு மேரியக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, அடுப்பைக்கூட அணைக்க விடாமல், செல்வியின் கையைப் பிடித்து மேட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். தண்ணீர் முந்தின தெருவோடு நின்றுவிட்டது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, தீய்ந்துபோன சாம்பாரைத் தவிர. ஆனால் செல்விக்கு ஆனது. அன்று சாயங்காலமே அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. மகள் அனு பிறந்தாள், குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள், எல்லாம் அங்கேயே. நான் வெறும் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. தெருவில் வளையல் விற்க வருகிறவரைப் பார்த்துச் சிரிக்கிற குழந்தை என்னைப் பார்த்தால் வீறிட்டு அழும். அது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

"அந்த வூட்ட வித்துட்டு வாங்க. அப்புறம் எங்க கூப்புட்டாலும் வர்றேன். அங்க மட்டும் வர மாட்டேன்" என்று செல்வி சொல்லிவிட்டாள்.

கடலோர வீட்டை அந்த வருஷம் யார் வாங்குவார்கள்? பார்க்க வந்த இரண்டொருவரும் வாசலில் நின்று, "கடல் எவ்ளோ தூரம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார்கள். அப்போதுதான் புரோக்கர் ஏழுமலை வந்து சேர்ந்தான். பெரிய முதலியார்சாவடியில் வெள்ளைக்காரர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்துக் கொடுத்து, அவனுக்கே கொஞ்சம் வெள்ளைக்கார நடை வந்திருந்தது.

"ஏம்பா சேகரு, வூடா இது? குடோன் மாதிரி இருக்குது. அங்கலாம் வூட்ட விக்கறதுக்கு முன்னாடி ஜோடிப்பாங்கப்பா. சோபா, லைட்டு, செடி. பாக்க வர்றவனுக்கு இங்கயே உக்காந்துடலாமான்னு தோணணும்."

"எங்கிட்ட அதெல்லாம் எங்க இருக்குது?"

"தெருவுல இருக்குது இல்ல?" என்றான்.

பெண் பார்க்க வருகிற அன்று பக்கத்து வீட்டு நகையைப் போட்டு உட்கார வைப்பதில்லையா, அதுபோலத்தான் என்று எனக்கும் பட்டது. (இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?)

வானூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர், உப்பளத்தில் பங்கு வாங்கப்போகிறவர், மனைவியோடு வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. வேலையில் இறங்கினேன். மேரியக்காவின் கலர் டிவி வந்தது. தெருக்கோடி கோவிந்தசாமி பெரியப்பாவின் சாய்வு நாற்காலி வந்தது. முனைக்கடைக்காரர் ஒருநாள் மட்டும் என்று சொல்லி பிரிட்ஜைத் தந்தார். தூக்கிவந்தபோதுதான் தெரிந்தது, உள்ளே பால் பாக்கெட்டெல்லாம் அப்படியே இருந்தது. சரி, நிறைந்த பிரிட்ஜ் இருந்தால் நல்ல குடும்பம் என்று நினைப்பார்கள் என்று விட்டுவிட்டேன். சுவரில் உப்புப் பூத்த இடமெல்லாம் காலண்டர் மாட்டினேன்.

மிச்சம் இருந்தது தண்ணீர் விஷயம். எங்கள் பக்கம் வீடு வாங்க வருகிறவர்கள் கிணற்றைப் பார்ப்பதற்கு முன் தோட்டத்தைத்தான் பார்ப்பார்கள். கருவேப்பிலை தழைத்திருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரில் அது வராது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பே நுரைக்காது, கருவேப்பிலைக்கு எங்கே போவது? பொம்மையார்பாளையத்தில் செடி விற்கிற தெரிந்தவர் ஒருவரிடம், பெரிய கறுப்பு கவரில் என் மார்பு உயரத்துக்கு வளர்ந்திருந்த செடி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதுவும் இரவல்தான். வீடு விற்றதும் திருப்பிக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. அதனால் கவரைப் பிரிக்காமல், குழி தோண்டி அப்படியே இறக்கி, மேலே மண்ணைத் தள்ளி, இரண்டு காய்ந்த இலையையும் தூவி வைத்தேன். பத்து வருஷத்துச் செடி மாதிரி இருந்தது. ஏழுமலை என் முதுகில் தட்டினான். என் அறிவைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

காலையில் வருவதாகச் சொன்னவர்கள் வழியில் ஒரு துக்கம் விசாரித்துவிட்டு வந்து சேரும்போது மாலையாகிவிட்டது. அங்கேதான் சனி பிடித்தது.

பெரியவர் உள்ளே வந்தார். முதலில் காலண்டர்களைப் பார்த்தார். ஒன்றில் ஜனவரி, ஒன்றில் ஏப்ரல், ஒன்றில் போன வருஷம்.

"ஏன் தம்பி, ஒரு வூட்டுக்கு இத்தன காலண்டரா?"

"சாமி படம் இருக்குது இல்லிங்க, கிழிக்க மனசு வரல" என்றேன்.

அடுத்து சாய்வு நாற்காலி. அதில் கோவிந்தசாமி பெரியப்பா படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று எனக்கே தெரியாது. அவருக்கு அந்த நாற்காலியில்தான் தூக்கம் வருமாம்.

"அப்பாவா?" என்றார் பெரியவரின் மனைவி, மரியாதையாக.

நான் தலையை ஆட்டுவதற்குள் பெரியப்பா கண்ணைத் திறந்து, "இவங்கப்பன் செத்து ஏழு வருசமாச்சிம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

வாசலில் ஒரு பெண் தூக்குச் சட்டியோடு நின்றாள். "ண்ணா, ரெண்டு பால் பாக்கெட்டு. கடையில கேட்டா இங்க வாங்கிக்க சொன்னாரு." எடுத்துக் கொடுத்தேன். பின்னாலேயே இன்னொருவர் கலர் சோடா கேட்டு வந்தார். "ஜில்லுன்னு இருக்குதா?" என்று தொட்டுப் பார்த்து வேறு வாங்கிக்கொண்டார். ஏழுமலை வெளியே போய் பீடி பற்றவைத்தான்.

அதற்குள் சீரியல் நேரம். கதவைத் தள்ளிக்கொண்டு மேரியக்கா வந்தார். தனியாக வரவில்லை, தினமும் அவர் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற கூட்டத்தையும் ஓட்டிவந்திருந்தார். யாரையும் பார்க்காமல் நேராகப் போய் டிவியைப் போட்டு, கால் நீட்டி உட்கார்ந்தார்கள்.

"அக்கா, கொஞ்ச நேரம் கழிச்சி..." என்று காதில் கெஞ்சினேன்.

"டேய் சேகரு, டிவிதான் குடுத்தேன், நாடகத்தயும் குடுக்கறேன்னா சொன்னேன்? நேத்து அவ மாமியா விஷத்த கலந்துட்டா. நவுரு, மறைக்காத."

பெரியவர் என்னைத் தனியாக அழைத்தார். முகம் வெளுத்திருந்தது. "தம்பி, உள்ளத சொல்லு. இந்த வூட்ல எத்தன குடித்தனம் இருக்குது? எல்லாத்தயும் காலி பண்ணிதானே குடுப்ப?"

"ஐயோ, யாரும் இல்லிங்க, நான் ஒருத்தன்தான்" என்றேன். உண்மையைச் சொன்னேன்; அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"தண்ணி எப்பிடி?" என்று பேச்சை மாற்றினார் அந்த அம்மா. எனக்கு உயிர் வந்தது. தோட்டத்துக்கு அழைத்துப்போய்க் கருவேப்பிலையைக் காட்டினேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அட, என்னமா தழைச்சிருக்குது! நல்ல தண்ணிதாங்க" என்று புருஷனிடம் சொன்னார். வீடு விற்றுவிட்டது என்றே நினைத்தேன். அனு என் தோளில் தூங்குவதுகூட எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு கொத்து ஒடிச்சிக்கறேன் தம்பி, ரசத்துக்கு ஆவும்" என்று கிளையைப் பிடித்து இழுத்தார். விவசாயக் கை. கொத்து வரவில்லை. செடி வந்தது. வேரோடு வந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அது கவரோடு வந்தது. கறுப்பு கவர், அடியில் ஓட்டை, அதிலிருந்து நேற்று ஊற்றிய தண்ணீர் அவர் புடவையில் சொட்டியது.

செடியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி அந்த அம்மா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "கவரையாவது பிரிச்சிருக்கலாம் இல்ல தம்பி?" என்றார். 

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாமியார் வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? விற்றுவிட்டு வருகிறேன் என்று வாய்ச்சவடால் விட்டவன் நான். இனி அவள் வரவே மாட்டாள் என்று நினைத்து, பெரியப்பா இன்னும் எடுத்துப்போகாத நாற்காலியில் படுத்து அழுதேன்.

ஆனால் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்தப் பெரியவர் வீடு என் மாமியார் வீட்டுக்கு அடுத்த தெரு. அவர்கள் இறங்கிய இடமெல்லாம் கதையைச் சொல்லி, அது ஊர் சுற்றி செல்வியின் காதுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை பஸ்ஸில் குழந்தையோடு வந்து இறங்கினாள். நேராகத் தோட்டத்துக்குப் போய் அந்தக் குழியைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். சுனாமிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"வூடு விக்கலியே" என்றேன்.

"விக்க வேணாம்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அம்மா வூட்டுக்கு போனா பயம் போயிடும்னு நெனச்சேன். போகலிங்க. ராத்திரில முழிச்சிக்கினா அம்மாவ எழுப்பவும் கூச்சமா இருக்குது. மேரியக்கா நாடகம் பாக்க கதவ தள்ளிக்கினு வந்தாங்களாமே? தண்ணி வந்த அன்னிக்கும் அவங்க கேட்டுக்கினா வந்தாங்க? இங்கயும் பயமாத்தான் இருக்கும். ஆனா கதவ தள்ளிக்கினு வர ஆளு இருக்குது."

கவரைப் பிரித்து அந்தச் செடியை அவளே நட்டாள். (ஒரு மாதத்தில் கருகிவிட்டது. செடி கொடுத்தவருக்கு நான் பதில் சொல்லவேண்டி வந்தது தனிக் கதை.)

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து எது கொஞ்சம் அதிகமாகப் பளபளத்தாலும், "கவர பிரிச்சிட்டாங்களா?" என்றுதான் கேட்போம். போன மாதம் என் தங்கை மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். புது சோபா, புது பிரிட்ஜ், வாசலில் பூந்தொட்டி வரிசை. காலேஜ் படிக்கிற அனு என் காதில், "அப்பா, கவர பிரிச்சிட்டாங்களான்னு பாரு" என்றாள். நான் இருமிச் சமாளிக்கும்போதே பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் பிரிட்ஜைத் திறந்து, ஒரு பாத்திரம் தோசைமாவை எடுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது.

செல்வி எழுந்து அவர் கையிலிருந்த தாம்பூலத் தட்டை வாங்கிக்கொண்டாள். "நல்ல வூடு. பொண்ண தைரியமா குடுக்கலாம்" என்றாள்.