குற்றமற்ற குடல்வால்

எனக்குக் குடல்வால் இல்லை. இருந்த காலத்தில் அது ஒரு குற்றமும் செய்யவில்லை. அக்காவுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது, அதற்காக நல்ல சுகதேகியான அந்தச் சாமானை வெட்டி எறிந்துவிட்டார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் வயிறு நோகச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அக்கா இல்லை. தழும்பு மட்டும் இருக்கிறது.

அக்காவின் பெயர் பவானி. பதினாறு வயதில் மாமாவின் உழவு மெசினை எடுத்துத் தோப்பூர்ச் சந்தை வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்தவ. (மாமாவுக்குத் தெரியாது. அவருடைய வேலிக்குத் தெரியும்.) ஷெல் விழத் தொடங்கி நாங்கள் எல்லோரும் பங்கருக்குள் பாய்ந்தால், அடுப்பில் இறால் தீயுது என்று திரும்பி ஓடுகிற ஆள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்துவா. அக்கா சட்டியோடு வந்து இறங்குவா. இறால் நல்ல ருசியாகத்தான் இருக்கும்.

திருகோணமலை டவுனில் ஒரு உதவி நிறுவனம் ஜீப் ஓட்ட ஆள் தேடியது. பொம்பிளைகளும் வரலாம், வந்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள். அக்கா ஒரு கிழமையாக நித்திரை கொள்ளவில்லை. அந்த நாளும் வந்தது. எங்கள் மூதூரில் இருந்து டவுனுக்குத் தரைவழி சண்டையால் மூடிக் கிடந்தது, கடலால் லோஞ்ச் படகு மட்டும்தான். இறங்குதுறைக்குப் போனால், இன்றைக்கு நோயாளியும் ஒரு துணையாளும் மட்டும் ஏறலாம் என்று கடற்படைக்காரர் சொல்லிவிட்டார்கள்.

வழியனுப்ப வந்த என்னை அக்கா மேலும் கீழும் பார்த்தா.

"டேய் தம்பி, உனக்கு வயித்துக்குத்து."

"எனக்கு ஒண்டுமில்லையே அக்கா."

"இருக்குது. வலப்பக்கம் பிடி. இடப்பக்கம் பிடிச்சியெண்டால் வாயு எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

எனக்கு அப்போது பதினெட்டு வயது. பள்ளிக்கூட நாடகத்தில் அரசவைக் காவலாளியாக வேல் பிடித்து நின்ற அனுபவம் உண்டு. (வசனம் இல்லை.) அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, "ஐயோ அம்மா" என்று நான் போட்ட சத்தத்தில் இறங்குதுறையில் நின்ற காகம் எல்லாம் எழும்பியது. லோஞ்ச்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மட்டும் நம்பவில்லை.

"என்ன தம்பி, நேத்துப் பின்னேரம் பந்தடிச்ச ஆளெல்லே?"

"அந்தப் பந்துதான் நானா வயித்தில பட்டது," என்றா அக்கா, கண்ணிமைக்காமல். பிறகு கடற்படைக்காரனிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "மல்லிட படே கெக்கும" என்றா. தம்பிக்கு வயிற்றுவலியாம். ஏற்றிவிட்டான்.

டவுனில் இறங்கியதும் எனக்குச் சுகமாகிவிடும், அக்கா டெஸ்டுக்குப் போவா, இதுதான் திட்டம். அந்தக் கடற்படைப் பொடியனின் நல்ல மனதால் எல்லாம் கெட்டது. தன் பையை என் தலைக்கு வைத்தான், தன் தண்ணீரைப் பருக்கினான், வோக்கிடோக்கியில் ஏதோ சொன்னான். டவுனில் இறங்கினால் அம்புலன்ஸ் நிற்கிறது. அவனும் கூடவே ஏறிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா என் காதுக்குள், "கொஞ்சம் சமாளியடா ராசா, ஓட்டிக் காட்டிப்போட்டு ஓடி வாறன்," என்று சொல்லிவிட்டு மறைந்துவிட்டா.

டொக்டர் நல்ல மனுசன். வயிற்றை அமத்தினார். கதவடியில் அந்தக் கடற்படைக்காரன் கவலையோடு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். பொய் சொல்லி லோஞ்ச் ஏறினது தெரிந்தால் இரண்டு பேரையும் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். அந்த நாட்களில் உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வரவில்லை. ஆகவே கத்தினேன்.

"தம்பி, அமத்தேக்க நோகுதோ, கையை எடுக்கேக்க நோகுதோ?"

இதை அக்கா சொல்லித் தரவில்லையே! குத்துமதிப்பாக, "எடுக்கேக்க" என்றேன். டொக்டரின் முகம் மாறியது; குடல்வால் வருத்தத்துக்கு அதுதான் அடையாளமாம். "உடனே வெட்ட வேணும்," என்றார். சம்மதக் கையெழுத்தையும் நானே போட்டேன், மடையன்.

கண் விழித்தபோது அக்கா கால்மாட்டில் நின்றா. உடம்பெல்லாம் டீசல் மணம்.

"வேலை கிடைச்சிட்டுதடா! சரி, எழும்பு, போவம்."

போர்வையை விலக்கிக் காட்டினேன். அக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. "உண்மையாவே வெட்டிப்போட்டாங்களோ?" என்று சிரிக்கத் தொடங்கி, அப்படியே என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதா. அக்கா அழுது நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆராவது வயிறு நோகுது என்றால் போதும், "வலமோ, இடமோ?" என்று நாலா பக்கமும் சத்தம் வரும். முதல் சத்தம் அக்காவுடையது.

ஐந்து வருஷம் அக்கா அந்த ஜீப்பை ஓட்டினா. ஒருவரும் போகப் பயந்த ஊர்களுக்குப் போய், உண்மையான நோயாளிகளை ஏற்றிக்கொண்டு வந்தா. ஒரு மத்தியானம், தம்பலகாமத்துப் பக்கம் ஒரு பாதையில் கண்ணிவெடி. ஆர் புதைத்தது என்று கேட்டால் ஒவ்வொரு பக்கமும் மற்றப் பக்கத்தைக் காட்டியது. எங்களுக்கு அதனால் என்ன ஆகப்போகுது? செத்தவீட்டுக்கு வந்த சனத்தில் பாதிப்பேரை எங்களுக்குத் தெரியாது. அக்காவின் ஜீப்பில் பிறந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி படலையடியில் நின்று அழுதாள்.

எல்லோரும் போன பிறகு அம்மா என்னைப் பார்த்துச் சொன்னா: "நீ அண்டைக்கு இறங்குதுறையில அப்பிடிக் கத்தாமல் இருந்திருந்தால் அவள் இருந்திருப்பாள்."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதோடு அந்தப் பகிடி எங்கள் வீட்டில் செத்தது. கிணற்றடியில் நான் குளிக்கும்போது தழும்பு தெரிந்தால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வா. வருஷக்கணக்காக அப்படித்தான்.

போன மாரிக்கு, கண்டதையும் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சுருண்டு கிடந்தேன். "அம்மா, வயிறு நோகுதணை," என்றேன். குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு அம்மா அகப்பையோடு வாசலில் வந்து நின்றா.

"வலமோ, இடமோ?"

என் கை எந்தப் பக்கம் இருக்குது என்று குனிந்து பார்த்தேன். "இடமணை," என்றேன்.

"அப்ப வாயு. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்," என்று சொல்லிவிட்டு, அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. சிரித்தாவோ அழுதாவோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு உள்ளே போய் இஞ்சி இடித்துக்கொண்டு வந்து தந்தா.